சாமான் கொட்டகையும் செடிக்குடிலும் ஒன்றாக: வேலூர்க் கொல்லைப்புறத்துக்கான கேள்வி பதில்கள்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கொல்லை 16 அடிக்கு 20 அடி. அதில் 8 அடிக்கு 12 அடியில் ஒரு அமைப்பு நிற்கிறது. மேற்கே 4 அடி அகலத்துக்கு மூடிய சாமான் கொட்டகை; அதை ஒட்டிக் கிழக்கே 8 அடிக்கு நிழல்வலை போட்ட செடிக்குடில். 2018இல் கட்டியது. அன்றிலிருந்து மாடியில் துணி காயப்போட வரும் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்துக் கேட்ட கேள்விகளும், காட்பாடி, பாகாயம், ஆற்காடு என்று பல ஊர்களிலிருந்து பழைய மாணவிகள் தொலைபேசியில் கேட்டவையும் இங்கே இருக்கின்றன. முப்பது வருடம் புவியியல் நடத்தியவள் என்பதால் வெயில் வரும் திசையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், இருக்கிற இடமே கொஞ்சம். அதில் கொட்டகை எதற்கு, குடில் எதற்கு? ஏதாவது ஒன்று போதாதா?

கொட்டகை இல்லாவிட்டால் மண்வெட்டியும் கடப்பாரையும் மாடிப்படிக்கு அடியில் போகும். மண்புழு உர மூட்டை சமையலறை வாசலுக்கு வரும். வீட்டில் சண்டை வரும். குடில் இல்லாவிட்டால் பங்குனி முதல் ஆனி வரை நாற்று எதுவும் தேறாது. இரண்டையும் தனித்தனியே கட்டினால் இரண்டு அடித்தளம், எட்டுத் தூண், நடுவே யாருக்கும் உதவாத ஒரு சந்து. சேர்த்துக் கட்டினால் நடுச்சுவர் பொது, ஆறு தூணில் வேலை முடிந்துவிடும்.

இடமும் செலவும் மிச்சமாவதை விடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. சரியான பக்கத்தில் வைத்தால் கொட்டகையே செடிக்கு நிழல் தரும். அதைத் திசை பற்றிய கேள்வியில் விளக்குகிறேன்.

கண்ணாடியிலோ பாலித்தீனிலோ மூடிய பசுமைக்குடில் கட்டக்கூடாதா? ஓசூரில் எல்லாம் அப்படித்தானே இருக்கிறது?

ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் 200 மீட்டரைச் சற்றுத் தாண்டினால் அதிகம். சுற்றிலும் பாறைக்குன்று. பகலில் வாங்கிய சூட்டை அந்தப் பாறை இரவெல்லாம் திருப்பித் தருகிறது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. மூடிய குடில் குளிர் ஊருக்கான கருவி. வெயிலை உள்ளே விட்டு, சூடான காற்று வெளியேறாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. நமக்குச் சூட்டைச் சேமிக்க வேண்டிய தேவை மார்கழியில்கூடக் கிடையாது.

இதை நான் பாடம் நடத்தியே வந்தவள். ஆனாலும் 2017இல் கடைக்காரர் பேச்சில் மயங்கிப் பாலித்தீன் வாங்கிப் போர்த்தினேன். சித்திரையில் இரண்டே நாளில் தக்காளி நாற்று வெந்த கீரையாகிவிட்டது. ஆகவே இந்தப் பக்கத்தில் ‘குடில்’ என்று வரும் இடமெல்லாம் நிழல்வலைக் குடில் என்றே படியுங்கள். கொட்டகைச் சுவர் தவிர மற்ற மூன்று பக்கமும் காற்று வர வேண்டும்.

எந்தப் பக்கம் கொட்டகை, எந்தப் பக்கம் குடில்? யூடியூபில் குடிலைத் தெற்குப் பார்த்து வைக்கச் சொல்கிறார்களே?

அது வட தேசத்தாருக்குச் சொன்னது. அவர்களுக்குச் சூரியன் வருடம் முழுவதும் தெற்கே. வேலூர் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து, பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பி வருகிறது. வெயில் கொளுத்தும் மே, ஜூன் மாதங்களில் நண்பகலில் வடக்குச் சுவரில்தான் வெயில் படும். நம்பாதவர்கள் மே மாதம் பன்னிரண்டு மணிக்கு வெளியே நின்று தம் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கலாம்.

இங்கே பகை தெற்கு அல்ல, மேற்கு. காலை வெயில் செடிக்கு உணவு. பிற்பகல் இரண்டரை முதல் ஐந்து வரை அடிக்கும் மேற்கு வெயிலோ இலையைக் கருக்கும். ஆகவே கொட்டகை மேற்கே, குடில் கிழக்கே. எங்கள் கொட்டகையின் உயரமான ஓரம் 8 அடி. மே மாத நடுவில் மூன்று மணிக்கு அதன் நிழல் கிழக்கே ஏறத்தாழ 7 அடிக்கு விழும். நான்கு மணிக்கு 11 அடியைத் தாண்டும். குடிலின் அகலமே 8 அடிதான். வலை பாதி வேலையைச் செய்கிறது, கொட்டகை மீதியைச் செய்கிறது.

மேற்கே ஏற்கெனவே பக்கத்து வீட்டு மாடி இருக்கிறதே?

கொடுத்து வைத்தவர். அந்த நிழல் இலவசம். கொட்டகையை வடக்கிலோ தெற்கிலோ உங்கள் வசதிப்படி வையுங்கள். ஆனால் கிழக்கை மட்டும் அடைக்காதீர்கள். காலை வெயிலும் போய்விட்டால் அங்கே பெரணி வளர்க்கலாம், கத்தரி வளராது.

வாஸ்துப்படி சரியாக வருமா?

பாரமான சாமான் தென்மேற்கில், கன்னி மூலையில் இருக்க வேண்டும் என்பார்கள். வடகிழக்கு திறந்திருக்க வேண்டும் என்பார்கள். மேலே சொன்ன அமைப்பு அதோடு ஒத்துப்போகிறது. மாமியாரிடம் வாஸ்து என்று சொல்லுங்கள், மருமகனிடம் புவியியல் என்று சொல்லுங்கள். இரண்டு பேரும் சம்மதிப்பார்கள்.

தூணுக்கு எதைப் போடுவது? சவுக்குக் கம்பு மலிவாகக் கிடைக்கிறதே?

மலிவுதான், ஆனால் கரையானுக்கும் அது பிடிக்கும். மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசினாலும் சில வருடங்களில் அடி இற்றுவிடும். பந்தல் போல ஓரிரு பருவத்துக்குப் போதும் என்பவர்கள் மட்டும் போடலாம்.

நான் போட்டது ஜி.ஐ. சதுரக் குழாய், பட்டறையில் வெட்டி வாங்கி இங்கே வெல்டிங் வைத்தது. வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். அங்கே துருத் தடுப்பு வண்ணம் அடிக்காமல் ஆளை அனுப்பிவிடாதீர்கள். இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொரு வழி கல்தூண். வேலிக்கு நடும் கருங்கல் கம்பங்கள் கிராமப்புறத்தில் இன்றும் கிடைக்கின்றன. கரையான் தொடாது, துரு பிடிக்காது. பேரன் காலம் வரை நிற்கும். தூக்கி நிறுத்தத்தான் நாலு ஆள் வேண்டும்.

எதுவானாலும் குழி 2 அடிக்குக் குறையக் கூடாது, அடியில் கான்கிரீட். எங்கள் தெருவில் ஒன்றரை அடியிலேயே பாறை தட்டும். அப்படியானால் பாறையில் துளை போட்டுக் கம்பி இறக்கி அதன் மேல் தூணை நிறுத்துங்கள். மேலே கல்லை அடுக்கிவிட்டுப் போதும் என்று சொல்லும் கொத்தனாரை நம்ப வேண்டாம்.

வலையில் 35, 50, 75, 90 என்று சொல்கிறார்கள். எது வேண்டும்? பச்சை வலை போட்டால் செடி நன்றாகப் பச்சை பிடிக்குமா?

அந்த எண், வெயிலில் நூற்றுக்கு எத்தனை பங்கை வலை தடுக்கிறது என்பதைச் சொல்கிறது. காய்கறி நாற்றுக்கும் கீரைக்கும் 50 போதும். பெரணி, ஆர்க்கிட், அலங்கார இலைச்செடி மட்டும் வைப்பவர்களுக்கு 75. ‘வேலூர் வெயிலாயிற்றே, 90 போடுங்கள்’ என்று கடையில் சொல்வார்கள். அதற்கடியில் செடி வெளிச்சம் தேடி நூலாக நீளும். 90 வண்டி நிறுத்துமிடத்துக்கு.

நிறத்துக்கும் இலையின் பச்சைக்கும் சம்பந்தம் இல்லை. பச்சை வலை பழக்கத்தால் விற்கிறது. வெள்ளை வலை வெயிலைத் திருப்பி அனுப்புவதால் அடியில் சூடு சற்றுக் குறையும். அழுக்கு மட்டும் சீக்கிரம் தெரியும். நிறத்தை விட, புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குவது முக்கியம். அது மூன்று, நான்கு வருடம் வரும். மற்றது ஒரு கோடை முடிந்ததும் கையில் தூளாக உதிரும்.

வலையை வருடம் முழுவதும் விட்டுவைக்கலாமா?

கூடாது. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியே இருக்கும், காற்றில் ஈரம். அப்போதும் வலை இருந்தால் வெளிச்சம் போதாமல், மண் காயாமல், நாற்றழுகல் வந்து குழித்தட்டுகளில் (விதை போடச் சின்னக் குழிகள் உள்ள தட்டு) நாற்றுகள் வரிசையாகச் சாயும். அதனால் மேல் வலையைக் கம்பியில் நிரந்தரமாகத் தைக்காமல் கயிற்றால் கட்டுங்கள். மாசி கடைசியில் விரித்து, புரட்டாசி முடிவில் சுருட்டிவிடுவேன். மார்கழி, தை வெயில் செடிக்கு அப்படியே தேவை.

சுருட்டிய வலையை எங்கே வைப்பது? அதற்குத்தான் பக்கத்திலேயே கொட்டகை.

கொட்டகை 4 அடிதான் என்றால் உள்ளே நுழைந்து திரும்பக்கூட முடியாதே?

நுழையவே வேண்டாம். 4 அடி ஆழமும் 8 அடி நீளமும் கொண்ட கொட்டகையை அறை என்று நினைக்காமல் பெரிய அலமாரி என்று நினையுங்கள். கதவைக் குறுகிய பக்கத்தில் வைத்தால் கடைசிச் சாமானை எடுக்க எல்லாவற்றையும் வெளியே இறக்க வேண்டும். நீளமான கிழக்குப் பக்கத்தில், குடிலுக்குள் திறக்கும்படி இரட்டைக் கதவு வைத்தால் எதுவும் கைக்கு எட்டும். குடிலில் நின்றபடியே கொத்தி, பூவாளி, கத்தரிக்கோல் எல்லாம் எடுக்கலாம். பூட்டும் ஒன்றே போதும்.

கொட்டகைத் தரை சிமென்ட், குடிலை விட அரை அடி உயரம். குடில் தரையைச் சிமென்ட் போட்டு மூடாதீர்கள். ஜல்லி பரப்பி, நடக்கும் வழிக்கு மட்டும் செங்கல் பதித்தால் ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்கும், கோடையில் அந்த ஈரமே குளிர்ச்சி தரும்.

தகரக் கூரை போட்டால் கொட்டகையின் சூடு செடிக்கு அடிக்காதா?

அடிக்கும். நல்ல கேள்வி. முதல் கோடையில் நடுச்சுவரை ஒட்டி வைத்த தொட்டிகள்தான் முதலில் வாடின. மூன்று காரியம் செய்தேன். கூரைக்கு மேலே வருடம் ஒருமுறை பங்குனியில் வெள்ளைச் சுண்ணாம்பு. சுவரின் மேல் ஓரத்தில், கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு எலி நுழையாத கம்பிவலை. சூடான காற்று அந்த வழியே வெளியேறிவிடும். வெளி மேற்குச் சுவரில் கோவைக்கொடி. கோவை யாரும் கவனிக்காமலே படரும், காயும் கிடைக்கும்.

நடுச்சுவர் மட்டும் தகரமாக இல்லாமல் செங்கலோ ஹாலோ பிளாக்கோ வைத்தால் இன்னும் நல்லது.

கூரைச் சாய்வு எந்தப் பக்கம்? மழைநீரைப் பிடிக்கலாமா?

மேற்குப் பக்கம். கிழக்கு ஓரம் 8 அடி, மேற்கு ஓரம் 7 அடி. உயரமான ஓரம் குடில் பக்கம் இருந்தால்தான் முன்பு சொன்ன நிழல் கணக்கு வரும். மழைத் தண்ணீரும் நாற்றின் தலையில் கொட்டாது.

கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 4 அடிக்கு 8 அடிக் கூரை ஏறத்தாழ 3 சதுர மீட்டர். 50 மி.மீ. பெய்தால் 150 லிட்டர். சின்னக் கூரைதான், ஆனாலும் ஒரு நல்ல மழையில் 200 லிட்டர் பீப்பாய் முக்கால்வாசி நிறைந்துவிடும். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை படியும் உப்புத் தண்ணீர். நாற்றுக்கு அதை ஊற்றுவதை விட மழைநீர் எவ்வளவோ மேல். பீப்பாய் வாயை நெருக்கமான வலையால் இறுக்கிக் கட்டுங்கள். டெங்குக் கொசுவுக்குத் தெளிந்த தண்ணீரும் ஒரு வாரமும் போதும்.

உரம், பூச்சிமருந்து, விதை எல்லாவற்றையும் அந்தக் கொட்டகையிலேயே வைத்துவிடலாமா?

விதையை வைக்காதீர்கள். சூடும் ஈரமும் விதையின் எமன்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வேப்பெண்ணெயும் அப்படியே. வெயிலும் சூடும் பட்டால் அதில் பூச்சியை விரட்டும் சத்து சிதைந்துபோகும். மணம் மட்டும் மிஞ்சும்.

யூரியா காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக் கல்லாகும். மூடி போட்ட வாளியில், தரையில் படாமல் வைக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொட்டி கழுவ வாங்கிய பிளீச்சிங் பவுடரை அதன் பக்கத்தில் வைக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும், வெடிக்கக்கூடிய பொருளும் உண்டாகலாம். எங்கள் வீட்டில் பிளீச்சிங் பவுடர் குளியலறைப் பரணில், யூரியா கொட்டகையில். பூச்சிமருந்து உயரத்தில், பூட்டிய பெட்டியில், வாங்கிய பாட்டிலிலேயே இருக்க வேண்டும். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பவர்களிடம் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது.

கடலைப் பிண்ணாக்கை மூட்டையாக வைத்தால் எலி வரும். எலி வந்தால் அடுத்து யார் வருவார் என்பது கீழே.

பாம்பு வந்து குடியேறிவிடாதா?

குன்றோரத்து ஊர். நல்ல பாம்பும் வரும், கட்டுவிரியனும் வரும், தேளுக்குக் கேட்கவே வேண்டாம். அவை தேடி வருவது எலியையும் இருட்டான இடுக்கையும்தான். அடித்தட்டு தரையிலிருந்து 1 அடி உயரத்தில் இருக்கட்டும், டார்ச் அடித்தால் பின்சுவர் வரை தெரிய வேண்டும். காலித் தொட்டிகளைத் தரையில் குவிக்காமல் கவிழ்த்துத் தட்டில் அடுக்குங்கள். கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை அடித்துவிடுங்கள்.

மீறிக் கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

குரங்கு வலையைக் கிழித்துவிட்டால்?

கிழிக்கும். அமிர்தி பக்கம் இருக்கும் மாணவி ஒருத்தி மூன்று முறை வலை மாற்றிவிட்டுக் குடிலின் பக்கங்களுக்குக் கோழிக்கூண்டுக் கம்பிவலை போட்டாள், மேலே மட்டும் நிழல்வலை. இப்போது குரங்குகள் மேலே ஏறி ஊஞ்சல் ஆடுகின்றனவாம். வெளியிலிருந்து பார்த்தால் காய் தெரியாமல் இருப்பதுதான் ஓரளவு காப்பு. கீரையும் நாற்றும் மட்டும் இருந்தால் அவை சீக்கிரம் சலித்துப் போய்விடும்.

புயல் வந்தால் எல்லாம் பறந்துவிடாதா? சித்திரைக் காற்றே பயமாக இருக்கிறதே?

2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நம் பக்கமாகத்தான் உள்ளே வந்தது. அப்போது புரட்டாசி முடிவிலேயே வலையைச் சுருட்டியிருந்ததால் காற்றுக்குப் பிடிக்க எதுவும் இல்லை. வெறும் சட்டம் அப்படியே நின்றது. வலை விரித்திருக்கும் காலத்தில் வருவது கோடை மழைக்கு முன் வீசும் சுழல்காற்று. அதற்காகவே வலையைத் தடித்த கம்பியால் அல்லாமல் மெல்லிய கயிற்றால் கட்டுகிறேன். கயிறு அறுந்தால் பத்து ரூபாய், சட்டம் வளைந்தால் பட்டறைக்குப் போக வேண்டும்.

தகரத்தை மட்டும் இதற்கு நேர்மாறாக இறுக்குங்கள். ஆணி வேண்டாம், வாஷர் போட்ட ஜே-போல்ட். பறக்கும் தகரம் பக்கத்துத் தெருவில் யார் கழுத்தில் இறங்கும் என்று சொல்ல முடியாது.

உள்ளே என்ன வளர்ப்பது? இலவம்பாடி முள்ளுக் கத்தரி வருமா?

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றுக்கும் குடில் பள்ளிக்கூடம் மாதிரி. நாற்றாக இருக்கும்வரைதான் உள்ளே. ஆடிப் பட்டத்துக்கு வைகாசி கடைசியில் குழித்தட்டில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து விதையுங்கள். தக்காளி 25 நாளில், கத்தரி 30 முதல் 35 நாளில் வெளியே போகும். போவதற்கு முன் ஒரு வாரம் தட்டைத் தினமும் சற்றுச் சற்றாக வெயிலில் வைத்துப் பழக்க வேண்டும். நிழலில் வளர்ந்ததை நேரே வெயிலில் நட்டால் அன்றே துவளும்.

அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு முழு வெயில் வேண்டும். வலைக்கு அடியில் இலை தழைக்கும், காய் வராது. குடிலிலேயே நிரந்தரமாக வைக்க ஏற்றவை கீரை, கொத்தமல்லி, புதினா, வெற்றிலை. சித்திரையில் கொத்தமல்லி கிடைப்பது ஒன்றுக்காகவே நான் இதைக் கட்டியதாக என் கணவர் சொல்வார். விதை, நாற்று பற்றி மேற்கொண்டு கேட்க விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

அனுமதி வாங்க வேண்டுமா? பக்கத்து வீட்டார் தகராறு செய்தால்?

வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலியிடத்தில் கூரையும் சுவரும் எழுப்பினால் அது கட்டுமானமாகக் கருதப்படலாம். கொட்டகை கட்டும் முன் மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ உங்கள் மனையின் வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். கூரைத் தண்ணீர் அடுத்தவர் மனையில் விழக் கூடாது. எங்கள் வீட்டில் முதல் மழையிலேயே இதற்குச் சண்டை வந்தது. பீப்பாய் நிறைந்து வழியும் தண்ணீருக்கு ஒரு குழாய் வைத்து நம் பக்கமே திருப்பிய பிறகு அடங்கியது.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

தொகை எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். பாதிக்கு மேல் இரும்புக்கும் வெல்டிங் கூலிக்கும் போகும், வலைக்கு மிகக் குறைவு. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பழைய இரும்புக் கடையில் கதவையும் ஜன்னலையும் தேடுங்கள். தூணில் பிடிக்காதீர்கள்.

நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம், டீச்சர். காலி செய்யும்போது என்ன செய்வது?

வெல்டிங் வேண்டாம். துளையிட்ட இரும்பு ஆங்கிளை நட்டு போல்ட்டால் பூட்டுங்கள், அலமாரிக்குப் பூட்டுவதைப் போல. குழி தோண்டாமல், பழைய பெயின்ட் வாளியில் கான்கிரீட் போட்டு அதில் தூணை நிறுத்தலாம். ஆனால் காற்றுக்கு அந்தப் பிடிமானம் குறைவு. ஆகவே 6 அடிக்கு மேல் உயர்த்தாதீர்கள், ஒரு பக்கத்தை மதில்சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள். கூரைக்கும் தகரம் வேண்டாம். கொட்டகைக்குப் பதில் பூட்டுப் போட்ட ஓர் இரும்புப் பெட்டியை மேற்குப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நிழலுக்கு அதன் பின்னால் ஒரு பந்தல், அதில் அவரையோ பீர்க்கோ. மதில்சுவரில் ஆணி அடிக்கும் முன் மட்டும் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முதல் கத்தரிக்காயை அவருக்குத் தருவதாகச் சொன்னால் எங்கள் தெருவில் இதுவரை யாரும் மறுத்ததில்லை.